ஒரு நாள் கூலிக்காக இரண்டாக உடைந்த விளையாட்டு! - தூத்துக்குடிக் கரையிலிருந்து ஒரு ரக்பி அறிமுகம்

2025, ஜூன் 15. தூத்துக்குடிக்காரர்களுக்கு இந்தத் தேதியை விளக்கவே வேண்டாம். ஏப்ரல் 15-ல் தொடங்கிய 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து, விசைப்படகுகள் மறுபடி கடலுக்குக் கிளம்பத் தயாரான நாள். ஐஸ் ஏற்றி, டீசல் போட்டு, வலையைச் சரிபார்த்து... மீன்பிடித் துறைமுகமே பரபரன்னு இருக்கும்.

அதே நாளில் மும்பை அந்தேரியில் ஒரு புது லீக் தொடங்கியது. ரக்பி பிரீமியர் லீக். ஆறு அணிகள், இரண்டு வாரங்கள். ஜூன் 29-ம் தேதி இறுதிப் போட்டியில் டெல்லி ரெட்ஸ் அணியை 41-0 என்று துவம்சம் செய்து முதல் சாம்பியன் ஆனது யார் தெரியுமா? சென்னை புல்ஸ். நம்ம ஊர் பெயர் கொண்ட அணி!

'அப்படியா, எனக்குத் தெரியவே தெரியாதே' என்கிறீர்களா? அதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். ஐபிஎல்-ல சென்னை ஜெயிச்சா தெருவுக்குத் தெரு பட்டாசு வெடிக்கும். ரக்பியில் சென்னை கோப்பையைத் தூக்கியபோது பெரும்பாலான போன்களுக்கு ஒரு நோட்டிஃபிகேஷன்கூட வரவில்லை. இத்தனைக்கும் ரக்பிக்கும் இந்தியாவுக்கும் இருக்கும் உறவு 150 ஆண்டுகளைத் தாண்டியது. அந்தக் கதையைப் பார்க்கும்போது ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: விளையாட யாருக்கு நேரம் இருக்கிறது? அந்த நேரத்துக்கான கூலியை யார் கொடுப்பது?

முதலில் ரூல்ஸ்... ரெண்டே நிமிஷம்!

ரக்பி யூனியன் என்ற முழு வடிவத்தில் அணிக்கு 15 பேர். 80 நிமிட ஆட்டம். நீள்வட்டப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி, எதிரணியின் கோட்டைத் தாண்டித் தரையில் வைத்து அழுத்தினால் 'ட்ரை'. அதற்கு 5 புள்ளிகள். அதன்பின் எச் வடிவக் கம்பத்தின் நடுவே பந்தை உதைத்து அனுப்பினால் கூடுதலாக 2. பெனால்டி கிக்கும் டிராப் கோலும் தலா 3.

'ட்ரை' என்ற பெயருக்குப் பின்னால் ஒரு குட்டிக் கதை உண்டு. ஆரம்ப காலத்தில் பந்தைக் கோட்டுக்கு அப்பால் வைத்தால் ஒரு புள்ளியும் கிடையாது. கோல் அடிக்க ஒரு முயற்சி செய்துகொள்ளலாம், அவ்வளவுதான். அந்த 'முயற்சி'தான் பெயராகவே நின்றுவிட்டது.

எல்லோரையும் குழப்பும் விதி ஒன்று இருக்கிறது. பந்தைக் கையால் முன்னோக்கி வீசக் கூடாது. பக்கவாட்டில் அல்லது பின்னால்தான் பாஸ் செய்ய வேண்டும். முன்னால் போகணும், ஆனா பந்தைப் பின்னால் கொடுக்கணும். என்னப்பா லாஜிக் இது? கரைவலை இழுப்பதைப் பார்த்திருந்தால் சட்டென்று பிடிபடும். இரண்டு வரிசையாக நின்று, பின்னோக்கி நடந்துதானே வலையைக் கரைக்குக் கொண்டுவருகிறார்கள்! அங்கே எல்லோரும் ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். ரக்பியில் 'ஸ்க்ரம்' என்று எட்டுப் பேர் தோளோடு தோள் கோத்துத் தள்ளுவதும் அதேபோலத்தான். ஒருத்தர் சொதப்பினால் மொத்தமும் சரியும்.

பந்து வைத்திருப்பவரை மட்டும்தான் மடக்கிப் பிடிக்கலாம். அதுவும் தோளுக்குக் கீழே. கபடி பார்த்து வளர்ந்த நமக்கு இதைப் புரிய வைக்கத் தேவையே இல்லை.

பள்ளிக்கூடத்தில் பிறந்த ஆட்டம்

இங்கிலாந்தில் ரக்பி என்பது ஓர் ஊர். அங்குள்ள பள்ளியில் 1823-ம் ஆண்டு, கால்பந்து ஆடிக்கொண்டிருந்த வில்லியம் வெப் எல்லிஸ் என்ற மாணவர் திடீரென்று பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார். அதிலிருந்து பிறந்ததுதான் ரக்பி என்பார்கள். கேட்க நல்லா இருக்கு. ஆனால், சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு 50 வருடங்களுக்குப் பிறகுதான், அதை நேரில் பார்க்காத ஒரு முன்னாள் மாணவர் இந்தக் கதையை எழுதினார். வரலாற்று ஆய்வாளர்கள் பலரும் இதை நம்புவதில்லை. ஆனாலும் உலகக் கோப்பைக்கு 'வெப் எல்லிஸ் கோப்பை' என்றுதான் பெயர்.

உறுதியாகத் தெரிந்தவை இவை: 1845-ல் அந்தப் பள்ளி மாணவர்களே விதிகளை எழுதினார்கள். 1871 ஜனவரியில் லண்டனில் ரக்பி ஃபுட்பால் யூனியன் உருவானது. அதே ஆண்டு மார்ச்சில் எடின்பரோவில் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் மோதிய ஆட்டம்தான் உலகின் முதல் சர்வதேச ரக்பி போட்டி.

அடுத்த ஆண்டே ஆட்டம் கப்பலேறி இந்தியா வந்துவிட்டது.

270 வெள்ளி ரூபாய்கள்

1872 கிறிஸ்துமஸ் அன்று கல்கத்தாவில் இரண்டு அணிகள் மோதின. ஒரு பக்கம் இங்கிலாந்துக்காரர்கள். மறுபக்கம் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ்காரர்கள். கூட்டமும் உற்சாகமும் களைகட்ட, 1873-ல் கல்கத்தா ஃபுட்பால் கிளப் தொடங்கப்பட்டது. ஆனால் நான்கைந்து வருடங்களிலேயே கிளப் படுத்துவிட்டது. விளையாடிக்கொண்டிருந்த ராணுவப் பிரிவு ஊரை விட்டுப் போனது. அந்த வெயிலுக்கு டென்னிஸும் போலோவுமே தேவலாம் என்று மற்றவர்களும் ஒதுங்கினார்கள். கிளப்பில் இலவசமாகக் கிடைத்த மதுவை நிறுத்தியதும் கூட்டம் குறைந்தது என்பது கூடுதல் தகவல்!

கிளப்பை மூடும்போது வங்கிக் கணக்கில் மிச்சமிருந்த 270 வெள்ளி ரூபாய்களை எடுத்தார்கள். உருக்கினார்கள். கோப்பை செய்தார்கள். மூன்று கைப்பிடிகளும் படமெடுத்த நாகங்கள். மூடியின் மேல் ஒரு யானை. அதுதான் 'கல்கத்தா கோப்பை'. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879-லிருந்து அதற்காக மோதுகின்றன. 1988-ல் போதையில் வீரர்கள் அதை எடின்பரோ தெருவில் உதைத்து விளையாடி நசுக்கிய கூத்தும் நடந்தது.

நம்ம ஊர் ரூபாய், நம்ம ஊர் யானை, நம்ம ஊர் பாம்பு. ஆனால் 1872-ல் அந்த மைதானத்தில் ஓர் இந்தியர்கூட ஆடவில்லை. இந்த விளையாட்டுக்கு நாம் வெள்ளி கொடுத்தோம், ஆள் கொடுக்கவில்லை. கொடுக்க விடவில்லை என்பதே சரி.

ஆறு ஷில்லிங் சண்டை

இப்போது மெயின் மேட்டருக்கு வருவோம். இங்கிலாந்திலேயே எல்லோராலும் ரக்பி ஆட முடிந்ததா?

தெற்கில் ஆடியவர்கள் பெரும்பாலும் வசதியான வீட்டுப் பிள்ளைகள். வடக்கில் யார்க்‌ஷயர், லங்காஷயர் பக்கம் ஆடியவர்கள் சுரங்கத்திலும் பஞ்சாலையிலும் வேலை பார்த்தவர்கள். அவர்களுக்குச் சனிக்கிழமையும் வேலை உண்டு. மேட்ச் ஆடப் போனால் அன்றைய கூலி போச்சு. 'போகும் கூலியை மட்டுமாவது ஈடு கட்டுங்கள்' என்று வடக்கு கிளப்புகள் கேட்டன. அதிகபட்சம் ஆறு ஷில்லிங். 1893-ல் இது ஓட்டெடுப்புக்கு வந்து தோற்றது. 'காசுக்காக ஆடுவது விளையாட்டு தர்மத்துக்கு ஆகாது' என்பது மேலிடத்தின் பதில். சம்பளத்துக்குக் கவலை இல்லாதவர்கள் சொல்வதற்கு இது ரொம்ப ஈஸியான தர்மம்தான், இல்லையா?

1895 ஆகஸ்ட் 29-ம் தேதி, ஹடர்ஸ்ஃபீல்ட் ஊரின் ஜார்ஜ் ஹோட்டலில் 20-க்கும் மேற்பட்ட வடக்கு கிளப்புகள் கூடி, தனி அமைப்பைத் தொடங்கின. ரக்பி இரண்டானது. அப்படிப் பிரிந்த கிளை, பிறகு அணிக்கு 13 பேர் ஆடும் 'ரக்பி லீக்' ஆனது. அதன் உலகக் கோப்பை 1954-லேயே வந்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் இன்றும் அதன் கிரேஸ் தனி. பழைய கிளைதான் 15 பேர் ஆடும் 'ரக்பி யூனியன்'. வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்கலாம் என்று அது ஒப்புக்கொண்டது எப்போது தெரியுமா? 1995 ஆகஸ்டில். நூறு வருடம்!

தூத்துக்குடியில் உட்கார்ந்து இதைப் படிக்கும்போது சுருக்கென்று இருக்கிறது. திரேஸ்புரத்தில் கடலுக்குப் போகிற பையனுக்கு வருமானம் என்பது அன்றைய மீன்பாட்டில் அவன் பங்கு. உப்பளத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு அன்றாடக் கூலி. லீவு போட்டால் பங்கும் இல்லை, கூலியும் இல்லை. 1893-ல் வடக்கு இங்கிலாந்துக்காரர்கள் கேட்ட கேள்வியை இன்றைக்கு இங்கே அப்படியே கேட்கலாம்.

கடலுக்கு அந்தப் பக்கம்

தூத்துக்குடியிலிருந்து கொழும்பு சுமார் 150 கடல் மைல். 1914-ல் தனுஷ்கோடி - தலைமன்னார் வழி திறக்கும்வரை, இலங்கைக்குப் போகிற கப்பல் பயணிகளுக்கு முக்கிய வாசல் தூத்துக்குடிதான். வ.உ.சி. தன் சுதேசிக் கப்பல்களை ஓட்டியதும் இதே பாதையில். அந்தக் கடலின் மறுகரையில் ரக்பி இன்று வெறித்தனமான விளையாட்டு.

கொழும்பில் 1879-லேயே கிளப் வந்துவிட்டது. மலையகத்தில் தேயிலைத் தோட்டத் துரைமார்கள் திம்புள, டிக்கோயா என்று தோட்டப் பகுதிக்கு ஒரு கிளப் வைத்து ஆடினார்கள். 1908-ல் சிலோன் ரக்பி யூனியன் உருவானது. வ.உ.சி. கைதாகி ஆயுள் தண்டனை பெற்றதும் அதே 1908-ல்தான். துரைமார்கள் பந்தோடு ஓடிய அந்த மலைகளில் கொழுந்து பறித்தவர்கள், நம்ம கரையைத் தாண்டிப் போன தமிழ்த் தொழிலாளர்கள். அங்கேயும் மைதானம் ஒரு பக்கம், கூலி ஒரு பக்கம்.

ஆனால் இலங்கையில் ஒரு திருப்பம் நடந்தது. ஆட்டம் கிளப்பைத் தாண்டிப் பள்ளிக்குள் போனது. கண்டியில் கிங்ஸ்வுட், டிரினிட்டி பள்ளிகள் ஆடத் தொடங்கின. கொழும்பு ராயல் கல்லூரியும் கண்டி டிரினிட்டி கல்லூரியும் மோதும் 'பிராட்பி ஷீல்ட்' 1945-லிருந்து நடக்கிறது. கொழும்பில் ஒன்று, கண்டியில் ஒன்று என இரண்டு ஆட்டங்கள். ஊரே திரளும். ராயலில் படித்த தமிழரான 'சும்மா' நவரத்தினம், அதிவேக ஓட்டக்காரராகவும் ரக்பி வீரராகவும் இலங்கையில் பெரும் பெயர் எடுத்தவர்.

இந்தியாவில் 1924-லிருந்து அகில இந்திய ரக்பி போட்டி இருந்தாலும், ஆட்டம் பல காலம் பெருநகர ஜிம்கானா கிளப்புகளின் சுவருக்குள்ளேயே இருந்தது. இரண்டு நாடுகளுக்கும் ரக்பியைக் கொண்டுவந்தவர்கள் ஒரே ஆட்கள்தான். ஒரு பக்கம் பள்ளிப் பிள்ளைகள் கையில் பந்து போனது, மறுபக்கம் போகவில்லை. வித்தியாசம் இவ்வளவுதான்.

இந்தப் போட்டிகளைத் தெரிஞ்சு வெச்சுக்கோங்க!

ஆண்கள் உலகக் கோப்பை: 1987-ல் தொடங்கியது, நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை. தென்னாப்பிரிக்கா 4 முறை (1995, 2007, 2019, 2023), நியூசிலாந்து 3 முறை, ஆஸ்திரேலியா 2 முறை, இங்கிலாந்து ஒருமுறை வென்றிருக்கின்றன. 2027-ல் ஆஸ்திரேலியாவில் 24 அணிகளோடு நடக்கவிருக்கிறது. 1995-ல் நெல்சன் மண்டேலா, வெள்ளையர்களின் அடையாளமாகப் பார்க்கப்பட்ட பச்சை ஜெர்ஸியை அணிந்து வந்து கோப்பையைக் கொடுத்த காட்சி, விளையாட்டு வரலாற்றில் மறக்க முடியாதது.

பெண்கள் உலகக் கோப்பை: 2025 செப்டம்பரில் லண்டனில் நடந்த இறுதிப் போட்டியில் இங்கிலாந்து கனடாவை 33-13 என்று வென்றது. நேரில் பார்த்தவர்கள் 81,885 பேர்!

சிக்ஸ் நேஷன்ஸ்: இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து, பிரான்ஸ், இத்தாலி மோதும் வருடாந்திரத் தொடர். வேர் 1883-ல். நம்ம கல்கத்தா கோப்பை ஆட்டம் இப்போது இதற்குள்தான் வருகிறது.

ரக்பி சாம்பியன்ஷிப்: தெற்குப் பக்கத்து ஜாம்பவான்களான நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா ஆகியவற்றோடு 2012-ல் அர்ஜென்டினாவும் சேர்ந்தது.

செவன்ஸ்: அணிக்கு 7 பேர், பாதிக்கு 7 நிமிடம். ரக்பியின் டி20. 1883-ல் ஸ்காட்லாந்தின் மெல்ரோஸில் ஒரு கசாப்புக் கடைக்காரர், கிளப்புக்குக் காசு திரட்டக் கொடுத்த ஐடியா இது. 2016-லிருந்து ஒலிம்பிக்ஸில் இருக்கிறது.

செவன்ஸ் என்றால் ஃபிஜியைத் தவிர்க்கவே முடியாது. சுமார் 9 லட்சம் பேர் வாழும் தீவு நாடு. ரியோ ஒலிம்பிக் இறுதியில் பிரிட்டனை 43-7 என்று நொறுக்கித் தங்கம் வென்றது. அந்த நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கமே அதுதான். சந்தோஷத்தில் ஏழு டாலர் நோட்டு அச்சடித்துவிட்டார்கள்! அந்த அணியின் பயிற்சிக்களங்களில் ஒன்று சிகடோகா மணல் மேடுகள். ஜிம் இல்லையென்றால் என்ன, மணல் இருக்கிறதே.

தென்னாப்பிரிக்காவுக்கு 2019, 2023 கோப்பைகளை வாங்கிக்கொடுத்த கேப்டன் சியா கொலிசியும் ஒரு துறைமுக நகரத்துக்காரர்தான். போர்ட் எலிசபெத்தின் ஏழைக் குடியிருப்பில் வளர்ந்தவர். ஒரு பெரிய பள்ளி அவருக்கு உதவித்தொகை கொடுத்தது. படிப்பு, சாப்பாடு, மைதானம் மூன்றும் ஒன்றாகக் கிடைத்ததுதான் அவர் வாழ்க்கையின் டர்னிங் பாயின்ட்.

இந்தியா எங்கே நிற்கிறது?

இங்கேயும் அதே பாடம்தான். 2007-ல் லண்டனில் நடந்த 14 வயதுக்குட்பட்ட பள்ளிகளுக்கான சர்வதேசப் போட்டியில் கோப்பை வென்றது, புவனேஸ்வரின் கலிங்கா சமூக அறிவியல் நிறுவனத்தின் பழங்குடி மாணவர்கள். அவர்கள் தங்கிப் படித்த இடத்திலேயே சாப்பாடும் இருந்தது, பயிற்சியும் இருந்தது. கொல்கத்தாவில் ஜங்கிள் குரோஸ் என்ற கிளப், வசதியற்ற பிள்ளைகளை மைதானத்துக்குக் கொண்டுவந்தது. 2019 ஜூனில் இந்தியப் பெண்கள் அணி, பிலிப்பைன்ஸில் சிங்கப்பூரை 21-19 என்று வீழ்த்தி, 15 பேர் ஆட்டத்தில் தன் முதல் சர்வதேச வெற்றியைப் பெற்றது. வெற்றியை உறுதிசெய்த பெனால்டி கிக்கை அடித்த சுமித்ரா நாயக், அதே கலிங்கா நிறுவனத்தில் வளர்ந்தவர்.

அதாவது, இந்தியாவில் ரக்பி எங்கே வளர்ந்ததோ, அங்கே யாரோ ஒருவர் 'அந்த ஆறு ஷில்லிங்'கைக் கட்டியிருக்கிறார்.

ரக்பி பிரீமியர் லீக்கை இந்தக் கோணத்தில் பாருங்கள். தலா 4 நிமிடம், நான்கு குவார்ட்டர், மொத்தம் 16 நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிடும். ரீல்ஸ் தலைமுறைக்குப் பக்கா. உலகத்தர வீரர்களோடு நம் ஆட்கள் ஒரே அணியில் ஆடுவது பெரிய வாய்ப்பு. ஆனால் ஆறு அணிகளிலும் சேர்த்து இந்தியர்களுக்கு இருந்த இடம் 30 மட்டுமே. லீக் என்பது கோபுரம். அதற்கு அடித்தளம் பள்ளி மைதானம். பி.டி. பீரியடில் ரக்பி பந்தைத் தொட்டவர்கள் எத்தனை பேர், கை தூக்குங்க பார்ப்போம்!

நம்ம கரைக்கு வருவோம்

'தூத்துக்குடிக்கும் ரக்பிக்கும் என்ன சம்பந்தம்' என்று கேட்டால், இந்த மாவட்டத்திடமே பதில் இருக்கிறது. ஹாக்கி என்றால் கோவில்பட்டி. அங்கே மைதானமும் விளையாட்டு விடுதியும் இருப்பதால், இந்திய அணி வரை போகும் ஆட்கள் வருகிறார்கள். கபடி என்றால் மணத்தி கணேசன். ஒரு கிராமத்திலிருந்து ஆசிய விளையாட்டுத் தங்கம், அர்ஜுனா விருது வரை போனவர். 'பைசன்' படம் அவர் வாழ்க்கையிலிருந்துதான் வந்தது. மடக்கிப் பிடிக்கும் டெக்னிக், மூச்சு, உடம்பு உறுதி எல்லாம் இந்த மண்ணில் ஏற்கெனவே இருக்கு.

முத்துக்குளிப்பைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. குளிக்கிறவரின் கயிற்றைப் படகில் பிடிக்க மச்சானைத்தான் நிறுத்துவார்களாம். தங்கச்சி வாழ்க்கையை நினைத்தாவது கயிற்றை விடமாட்டான் என்ற நம்பிக்கை! 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனால் மூச்சடக்கி உள்ளே போகிறவனுக்கு மேலே கயிறு பிடிக்க ஓர் ஆள் வேண்டும் என்பது விளையாட்டுக்கும் பொருந்தும். இங்கே ஆடுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. கயிறு பிடிக்கத்தான் ஆள் தேவை.

கயிறு என்றால் என்ன? மூன்று விஷயங்கள் சொல்லலாம்.

ஒன்று, பள்ளி. கடலோரப் பள்ளிகளில் தொடுவிளையாட்டாகவே தொடங்கலாம். மடக்கிப் பிடிப்பதெல்லாம் பிறகு. ஒரு பந்து, கொஞ்சம் மணல் போதும்.

இரண்டு, நேரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும். 61 நாள்கள்! பள்ளிக்குக் கோடை விடுமுறையும் கிட்டத்தட்ட அப்போதுதான். ஆனால் அது வெட்டி நேரம் என்று நினைத்துவிடாதீர்கள். வலை பின்னுவது, படகு பழுது பார்ப்பது, கிடைத்த கூலி வேலைக்குப் போவது என்று அந்த நாள்களும் ஓடும். அதனால் முகாம் நடத்தினால் பையன்களுக்கும் பெண்களுக்கும் சாப்பாட்டோடு தினப்படியும் கொடுக்க வேண்டும். 1893-ல் மறுக்கப்பட்ட அதே ஈட்டுத்தொகைதான் இது. துறைமுகமும் பெரிய ஆலைகளும் இருக்கிற ஊரில் இது கட்டுப்படியாகாத தொகை இல்லை.

மூன்று, பாதுகாப்பு. இதைச் சொல்லாமல் ரக்பியைப் புகழ்வது நேர்மை இல்லை. 2003-ல் இங்கிலாந்துக்காக உலகக் கோப்பை வென்ற ஸ்டீவ் தாம்சன், தலையில் தொடர்ந்து பட்ட அடிகளால் நாற்பதுகளிலேயே மறதி நோய்க்கு ஆளானார். அந்தக் கோப்பையை ஜெயித்ததே தனக்கு நினைவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். தலையில் அடிபட்டால் உடனே வெளியேற்றுவது, தேர்ந்த பயிற்சியாளர், மருத்துவர், காப்பீடு. இவை இல்லாமல் முழு ஆட்டத்தைத் தொடங்கவே கூடாது. உடம்புதான் முதலீடு என்று வாழும் குடும்பத்துப் பிள்ளைக்குத் தோள்பட்டை போனால், வலை இழுக்க யார் வருவார்கள்?

சென்னை புல்ஸ் அடுத்து ஆடும்போது ஒரு 16 நிமிஷம் ஒதுக்கிப் பாருங்க. பிடிச்சிருந்தா பக்கத்துல இருக்கிற கபடிக்காரப் பையனுக்கும் காட்டுங்க. 'நானும் ஆடட்டுமா' என்று அவன் கேட்டால், கூடவே இன்னொரு கேள்வியும் வரும்: 'அன்னிக்குக் கூலி யார் தருவா?'

அடுத்த ஏப்ரல் 15-க்குள் அதற்கு ஒரு பதில் தயாராக இருக்க வேண்டும். படகுகள் கரையேறிவிடும். மணல் அங்கேயேதான் இருக்கிறது.